‘சரிவந்துவிட்டது’ என்றால் போதுமா?

சென்ற கிழமை எமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று, வடமராட்சியைச் சேர்ந்த மாணவி ஒருவர் எழுதியது. அவர் உயர்தர வகுப்பிற் பயில்பவர். கடிதத்தின் சுருக்கம் வருமாறு:

“ஐயா, எங்கள் வீட்டில் ஒரு பழைய மடிக்கணினி உண்டு. அண்ணா அதிலேதான் படித்தார். இப்பொழுது நானும் தம்பியும் அதனைப் பாவிக்கிறோம். அதிலுள்ள விண்டோஸ் 10 இற்கு இனித் திருத்தங்கள் வரமாட்டா என்றும், புதிய பதிப்பை அந்தக் கணினி ஏற்காது என்றும் கடைக்காரர் கூறிவிட்டார். புதிது வாங்க அப்பாவுக்கு இப்போது வசதியில்லை. லினக்ஸ் போடலாம், அஃது இலவசம் என்று சிநேகிதி ஒருத்தி சொல்கிறாள். ஆனால், ‘அதில் ஒரு பழுது வந்தால் யாரிடம் போய்க் கேட்பது?’ என்று அம்மா கேட்கிறார். அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வது?”

அம்மையாரின் கேள்வி மிகப் பொருத்தமானது. எந்தப் பொருளையும் வீட்டுக்குள் கொண்டுவருமுன் கேட்க வேண்டிய கேள்வி அது. ஆனால் எம்மிற் பெரும்பாலோர் பழுது வந்த பின்னரே அதனைக் கேட்கிறோம். “உங்களைப் போலவே அதனைப் பாவிக்கும் மற்றவர்களிடம் கேட்கலாம்” என்று ஒரே வரியில் விடை கூறிவிடலாம். ஆயினும் அவ்விடை ஒரு தாயாரைத் திருப்திப்படுத்தாது. முன்பின் அறியாத ஒருவர் எமக்கு ஏன் உதவ வேண்டும்? உதவினாலும் அவர் சொல்வதை எவ்வாறு நம்புவது? ஆகவே இவ்வாரம் இதனைச் சற்று விரிவாகப் பார்ப்போம். நடுவே எனது சொந்தத் தவறு ஒன்றையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கடைக்காரர் கூறியது உண்மையே. 2015 ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு நிறுத்தப்பட்டது. அதனாற் கணினி மறுநாளே நின்றுவிடுவதில்லை. முன்போலவே அது இயங்கும். ஆனால் புதிதாக ஒரு பாதுகாப்புக் குறை கண்டுபிடிக்கப்பட்டால், அதனை அடைக்கும் திருத்தம் வழமைபோல் வந்து சேராது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. விண்டோஸ் 11 இற்கோ ஓரளவு புதிய செயலியும், ‘ரிபிஎம் 2.0’ எனப்படும் பாதுகாப்பு உறுப்பும் வேண்டும். எட்டுப் பத்து ஆண்டு வயதுடைய கணினிகள் பலவற்றில் இவை இல்லை. திரையும் விசைப்பலகையும் நல்ல நிலையிலிருக்கவும் கணினி ஒதுக்கப்படுவதற்குக் காரணம் இதுவே. அத்தகைய கணினிகளில் லினக்ஸ் நன்கு இயங்குவதை நான் கண்டிருக்கிறேன்.

ஒரு மடலிலே பிறந்தது

பாடப் புத்தகத்திலே ‘பணிசெயல் முறைமை’ என்று மாணவர்கள் படிப்பதன் ஒரு வகைதான் லினக்ஸ். அதன் தோற்றத்தை அறிந்தால், உதவி எங்கிருந்து வருகிறது என்பதும் விளங்கும்.

1991 ஓகஸ்ட் 25 ஆம் திகதி, பின்லாந்து தேசத்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர் ஒரு சிறு மடல் எழுதினார். மினிக்ஸ் என்ற சிறிய முறைமையைப் பாவிப்போர் தமக்குள் செய்தி பரிமாறும் இடத்துக்கு அதனை அனுப்பினார். தாம் பொழுதுபோக்காக ஒரு பணிசெயல் முறைமையை ஆக்கி வருவதாகவும், அது பெரிதாக வளரப்போவதில்லை என்றும் அடக்கமாகக் கூறியிருந்தார். மினிக்ஸில் எவை பிடிக்கும், எவை பிடிக்கா என்று சொல்லும்படி மற்றவர்களைக் கேட்டுமிருந்தார். அடுத்த மாதமே அதன் முதற் பதிப்பு வெளிவந்தது. பலர் பார்த்தனர், பிழை கண்டனர், திருத்தி அனுப்பினர். 1992 ஆம் ஆண்டு அது குனூ பொது உரிமத்தின் கீழ் வந்தது. எவரும் அதன் மூலத்தைப் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஆனால் மாற்றியதைப் பிறருக்குக் கொடுப்பவர், தமக்குக் கிடைத்த அதே உரிமையையும் சேர்த்துக் கொடுத்தல் வேண்டும் என்பதே அவ்வுரிமத்தின் சாரம். அவ்வுரிமத்தை ஆக்கியவர் அமெரிக்கரான றிச்சட் ஸ்ரோல்மன். அவர் 1983 ஆம் ஆண்டு அறிவித்துத் தொடங்கிய குனூத் திட்டத்தின் கருவிகளும் டோர்வால்ட்ஸின் உட்கருவும் சேர்ந்தபோதுதான் முழுமையான முறைமை ஒன்று கிடைத்தது.

பெரிதாக வளராது என்று சொல்லப்பட்டது எவ்வளவு வளர்ந்ததென்பதை இன்று நேயர்கள் தங்கள் சட்டைப் பையிலேயே காணலாம். அண்ட்ரொயிட் கைத்தொலைபேசிகள் யாவற்றின் உட்கருவும் லினக்ஸே. உலகின் மிக வேகமான 500 கணினிகளின் பட்டியலில், 2017 நவெம்பரில் ஐந்நூறும் லினக்ஸில் இயங்கின.

வீட்டுப் பாவனைக்கு ஏற்ற வகையில் இதனைத் தொகுத்துத் தருவோர் பலர். டெபியன் 1993 இலும், உபுண்டு 2004 இலும், லினக்ஸ் மின்ட் 2006 இலும் தோன்றின. இவற்றுள் டெபியன் குழுவினர் 1997 ஆம் ஆண்டு பாவனையாளர்களுக்கு ஒரு வாக்குறுதி கொடுத்தனர். தமது முறைமையிற் காணும் குறைகளை மறைக்கமாட்டோம், வந்த முறைப்பாடுகள் யாவும் எவரும் பார்க்கத் திறந்தே இருக்கும் என்பது அதில் ஒரு பகுதி. பொருள் செய்பவர் தம் பொருளின் குறைகளைத் தாமே வாசலில் எழுதி வைப்பது உலக வழக்கன்று. ஆயினும் இங்கே அது பயன் கருதிய வழக்கம். ஒருவர் கண்ட குறை மற்றவர் கண்ணிற் படும்போதுதான் அதற்கு மருந்தும் விரைவிற் கிடைக்கிறது.

கைமாற்று

லினக்ஸுக்குப் பணம் பெற்று உதவும் நிறுவனங்களே இல்லை என்று எண்ண வேண்டாம். வங்கிகளுக்கும் பெரிய காரியாலயங்களுக்கும் அவ்வாறு உதவும் நிறுவனங்கள் பல உண்டு. ஆனால் வீட்டில் ஒரு கணினி வைத்திருப்பவர் பெரும்பாலும் மற்றப் பாவனையாளர்களையே நம்பியிருக்கிறார். அவர்கள் கூடும் உதவி மன்றங்களிலே கேள்வியை எழுதி வைத்தால், உலகின் எங்கோ ஒரு மூலையிலிருந்து ஒருவர் தம் ஓய்வு நேரத்தில் விடை எழுதுவார். அவருக்குச் சம்பளம் இல்லை. கேட்டவரின் முகத்தையும் அவர் காணப்போவதில்லை.

எமது ஊர்களில் ‘கைமாற்று’ என்றொரு வழக்கம் உண்டன்றோ? சமைக்கும் வேளையில் அரிசி குறைந்தால் அயல் வீட்டிலே ஒரு கொத்து வாங்குவோம். எழுத்தும் இல்லை, வட்டியும் இல்லை. ஆனால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது இரு வீட்டாருக்கும் தெரியும். இந்த உதவியும் அத்தகையதே. வேறுபாடு ஒன்றுதான்: இங்கே திருப்பிக் கொடுப்பது கொடுத்தவருக்கு அன்று, அடுத்து வருபவருக்கு. அதனை நான் மறந்த கதையையே இனிச் சொல்லப்போகிறேன்.

எனது தவறு

2023 ஆம் ஆண்டு மாரிகாலம். எனது பழைய மடிக்கணினியிலே என் பெறாமகன் லினக்ஸ் மின்டை இட்டுத் தந்தான். அவனுடைய வீட்டில் கம்பி இணைப்பிலே எல்லாம் ஒழுங்காக நடந்தது. அன்றிரவே அவன் கொழும்புக்கு பஸ் ஏறிவிட்டான். நான் கணினியை என் வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால், வைபை என்ற ஒன்று இருப்பதாகவே அது காட்டவில்லை.

கைத்தொலைபேசியின் வாயிலாக ஓர் உதவி மன்றத்திற் புகுந்து எழுதினேன்: “என் கணினியில் இணையம் வேலை செய்யவில்லை. அவசரம். தயவுசெய்து உதவுக.” அவ்வளவுதான். ஒரு மணி நேரத்துள் ஒருவர், “இஃது ஆயிரம் முறை சொல்லப்பட்ட விடயம். தேடிப் பார்” என்று ஒரு வரி எழுதினார். எனக்குக் கோபம் வந்தது. சற்று நேரங் கழித்து, முப்பத்தாறு வருட ஆசிரியத் தொழிலில் அதே வார்த்தைகளை எத்தனை பிள்ளைகளுக்கு நான் சொல்லியிருப்பேன் என்ற எண்ணமும் வந்தது. அதன் பின்னர்க் கோபம் நிற்கவில்லை.

மறுநாட் காலையில் இன்னொருவர் எழுதியிருந்தார். “கணினி எந்த வகை? முறைமையின் பதிப்பு எது? கம்பியில் இணைத்தால் இணையம் வருகிறதா?” என்று மூன்று கேள்விகள். அதன்கீழ், “முனையம் என்னும் கட்டளைத் திரையைத் திறந்து ‘இன்க்ஸி’ என்ற கட்டளையை இடுக. அஃது உமது கணினியின் உறுப்புகளைப் பட்டியலிடுமேயன்றி எதனையும் மாற்றாது. அஞ்ச வேண்டாம்” என்றும் எழுதியிருந்தார். அந்த ‘அஞ்ச வேண்டாம்’ என்பது இன்றும் என் ஞாபகத்தில் இருக்கிறது.

பட்டியலைப் பார்த்ததும் அவர் காரணத்தைக் கண்டுகொண்டார். கணினிக்குள் இருக்கும் வைபை உறுப்பை இயக்கும் சிறு மென்பொருளின் மூலம் வெளிப்படையாகக் கிடைப்பதில்லை. ஆதலின் அது முறைமையோடு தானாக இடப்படவில்லை. கைத்தொலைபேசியை யுஎஸ்பி கம்பியிற் பொருத்தி அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிருமாறு கூறிவிட்டு, மூன்று வழிகளை வரிசையாக எழுதினார். ஒன்று, ‘டிரைவர் மனேஜர்’ என்ற பகுதியைத் திறந்து இயக்கியை இடுதல். இரண்டு, அது பலிக்காவிடில் உட்கருவுக்குரிய துணைக் கோப்புகளைச் சேர்த்துவிட்டு இயக்கியை மீண்டும் இடுதல். மூன்று, அதுவும் பலிக்காவிடில் கணினி தொடங்கும்போது தோன்றும் அமைப்புத் திரையிலே ‘செக்கியூர் பூட்’ என்பதை நிறுத்துதல். கையொப்பமிடப்படாத இயக்கிகளை அது தடுக்கும். ஆனால் அதனை நிறுத்துவதால் ஒரு காவல் குறையும் என்பதையும் அறிந்து செய்க என்று எச்சரித்திருந்தார்.

முதல் இரண்டும் பலிக்கவில்லை. மூன்றாவது பலித்தது. வைபை வந்தது. பெரு மகிழ்ச்சியோடு, “சரிவந்துவிட்டது. மிக்க நன்றி!” என்று எழுதி, மரியாதையாக நடந்துகொண்டதாக எண்ணிக் கணினியை மூடினேன்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. கணினியின் உள்ளே நேரத்தைக் காக்கும் சிறு மின்கலம் பழுதாகி, அதனை மாற்றக் கொடுத்தேன். திரும்பி வந்ததும் வைபை மீண்டும் மறைந்துவிட்டது. முன்பு என்ன செய்தேன் என்பது மறந்துபோயிற்று. இம்முறை அறிவாளியாக முதலில் தேடினேன். கணினியின் வகையையும் குறையையும் எழுதித் தேடியபோது ஒரு பழைய கேள்வி முன்னே வந்தது. “இணையம் வேலை செய்யவில்லை. அவசரம்” என்று யாரோ எழுதியிருந்தார். இவ்வளவு அரைகுறையாகக் கேட்டவர் யாரென்று பார்த்தால், அவர் நானேதான்.

எனது நன்றிக்குக் கீழே நான் அதுவரை காணாத ஒரு குறிப்பு இருந்தது. அஃது எழுதப்பட்டது என் நன்றிக்குப் பதினொரு மாதங்களின் பின்னர். எழுதியவர் எந்த நாட்டவரென்று தெரியவில்லை. ஆங்கிலம் அவருக்கும் தாய்மொழியன்று என்பது நடையிலே தெரிந்தது. “ஐயா, என்னிடமும் இதே கணினி இருக்கிறது. இதே குறைதான். முதல் இரண்டு வழிகளும் பலிக்கவில்லை. மூன்றாவதைச் செய்யப் பயமாக இருக்கிறது. இது வீட்டாரின் கணினி, கெட்டுவிட்டால் வேறில்லை. உங்களுக்கு எந்த வழி சரிவந்தது? வெள்ளிக்கிழமைக்குள் கல்லூரிக்கு ஒரு வேலையை அனுப்ப வேண்டும். தயவுசெய்து சொல்லுங்கள்.” என்பது அதன் பொருள். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அறிவித்தல் எனக்கும் வந்துதான் இருக்கும். நான் திறவாது விட்ட மின்னஞ்சற் பெட்டியொன்றில் அது கிடந்திருக்கும்.

அன்று நான் ஓர் இலக்கம் எழுதியிருந்தாற் போதும். ‘மூன்றாவது’ என்ற ஒரே சொல். அதனை எழுதாத குற்றத்துக்கு நானும் தண்டனை அனுபவித்தேன். முதலாவதையும் இரண்டாவதையும் மீண்டும் முயன்று ஒரு மாலைப்பொழுதை வீணாக்கிய பின்னரே மூன்றாவதற்கு வந்தேன். மின்கலம் மாற்றியதால் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தன. நான் நிறுத்தியிருந்தது மீண்டும் இயங்கத் தொடங்கியிருந்தது. காரணம் அவ்வளவே. ஆனால் என் மாலைப்பொழுது எங்கே, அந்தப் பிள்ளையின் வெள்ளிக்கிழமை எங்கே!

அன்றிரவே நடந்தவற்றை முழுதாக எழுதினேன். எந்தக் கணினி, எந்தப் பதிப்பு, எந்த வழி பலிக்கவில்லை, எது பலித்தது, செய்யும்போது திரையில் என்ன தோன்றும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்று ஒவ்வொன்றாக எழுதினேன். அம்மாணவர் அதனைக் கண்டாரோ என்பது எனக்குத் தெரியாது. அவரிடமிருந்து மறுமொழி இல்லை.

கேட்கும் முறை

இனிக் கடிதம் எழுதிய மாணவிக்கும், அவர்போன்ற ஏனையோருக்கும் பயன்படக்கூடிய சில விடயங்கள்.

முதலாவது, கேட்குமுன் தேடுக. உமது குறை வேறொருவருக்கும் வந்திருக்கக்கூடும். ஆயினும் பழைய விடைகளின் திகதியைப் பார்க்கவும். பத்தாண்டுக்கு முந்திய மருந்து இன்றைய பதிப்புக்குப் பொருந்தாமற் போகலாம்.

இரண்டாவது, தலைப்பிலேயே குறையைச் சொல்லுக. ‘உதவி வேண்டும்’ என்ற தலைப்பு எவருக்கும் ஒன்றும் உணர்த்தாது. ‘இன்ன கணினியில், இன்ன பதிப்பை இட்டபின், அச்சுப்பொறி தோன்றவில்லை’ என்பது அதனை அறிந்தவரின் கண்ணில் உடனே படும்.

மூன்றாவது, திரையிற் தோன்றிய பிழைச் செய்தியை உள்ளது உள்ளபடி தருக. ‘ஏதோ ஒரு பிழை வந்தது’ என்பது, ‘உடம்பில் எங்கோ நோகிறது’ என்று வைத்தியரிடம் சொல்வதை ஒக்கும். எப்போது தொடங்கியது, அதற்கு முன் எதனை மாற்றினீர், இதுவரை எவற்றை முயன்றீர் என்பவற்றையும் சேர்த்து எழுதுக.

நான்காவது, கடவுச்சொல், வீட்டு விலாசம், தொலைபேசி இலக்கம், வங்கி விபரம் ஆகிய எவற்றையும் எழுதாதீர். உண்மையாக உதவுபவர் அவற்றைக் கேட்கமாட்டார்.

ஐந்தாவது, இதுவே மிக முக்கியமானது. பொருள் விளங்காத கட்டளையை ஒருபோதும் இடாதீர். கட்டளையின் முன்னே ‘சூடோ’ என்ற சொல் இருந்தால், அது கணினியின் முழு அதிகாரத்தோடும் நடக்கும் என்று அறிக. ‘ஆர்எம்’ என்பது அழிக்கும் கட்டளை; அதனால் அழிந்த கோப்புக் குப்பைக் கூடைக்குச் செல்வதில்லை. விளையாட்டென எண்ணி இத்தகைய கட்டளைகளை விடையாக எழுதும் தீயோரும் இருக்கிறார்கள். “இக்கட்டளை என்ன செய்யும்?” என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். விளக்கம் சொல்லாதவரின் விடையை இன்னொருவர் சரியென்று சொல்லும்வரை பொறுத்திருக்கவும்.

ஆறாவது, ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்க. நான்கு வழிகளை ஒரேயடியாக முயன்றால், எதனாற் சரிவந்தது என்பது உமக்கே தெரியாது.

ஏழாவது, குறை தீர்ந்ததும் திரும்பி வந்து, எவ்வாறு தீர்ந்ததென்பதை எழுதுக. பிறர் விடை கூறாமல் நீரே கண்டுபிடித்திருந்தாலும் எழுதுக.

விடை கூறுவோருக்கு

கேட்பவருக்கு மாத்திரம் புத்தி சொல்வது நியாயமன்று. 2001 ஆம் ஆண்டு எரிக் றேமண்ட் என்பவரும் றிக் மோயன் என்பவரும், கேள்வியை அறிவோடு கேட்பது எப்படி என்பது பற்றி ஒரு கட்டுரை எழுதினர். அதிலே பயனுள்ள அறிவுரைகள் பல உண்டு. ஆனால் புதிதாக வருபவரை விரட்டுவதற்கு அக்கட்டுரையையே தடியாகப் பாவித்தவர்களும் உண்டு. ‘நூலைப் படி’ என்று மாத்திரம் எழுதுவதிலும், எழுதாமல் இருப்பது மேல். படிக்க வேண்டிய பக்கம் எதுவென்று காட்டினால் அஃது உதவி. காட்டாவிட்டால் அது வெறும் கடிந்துரை.

இக்குறை சாதாரணர்களிடம் மாத்திரம் இருந்ததன்று. லினக்ஸைத் தொடங்கிய டோர்வால்ட்ஸே கடுமையான மொழிக்குப் பேர்போனவர். 2018 செப்டெம்பரில் அவர், தம் சொற்கள் பலரைப் புண்படுத்தியதை ஒப்புக்கொண்டு, பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, சில வாரங்கள் பணியிலிருந்து ஒதுங்கியிருந்தார். அதே மாதத்திலே உட்கருவை ஆக்குவோருக்கான நடத்தை விதிகளும் ஏற்கப்பட்டன. அதற்கு இருபது ஆண்டுகளுக்குச் சற்று முன்பின்னாகவே, லினக்ஸைப் பாவிக்கும் பெண்கள் ‘லினக்ஸ்சிக்ஸ்’ என்ற பெயரில் ஒரு கூட்டத்தை அமைத்து, பண்போடு பேசுதலையும் பிறருக்கு உதவுதலையும் அதன் விதியாக வைத்திருந்தனர். பெரியவர்கள் காலந்தாழ்த்தி அறிந்ததைச் சிலர் முன்னரே அறிந்திருந்தனர்.

எழுதி விட்டுச் செல்வதன் பயனுக்கு எமது நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை தாக்கியபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிந்து ஒழுங்குபடுத்த, இலங்கையின் கணினித் துறைத் தொண்டர்கள் ‘சகானா’ என்னும் மென்பொருளை ஆக்கினர். அந்நெருக்கடி தீர்ந்ததும் அதனைப் பெட்டியிற் பூட்டி வைக்கவில்லை. மூலத்தோடு உலகுக்கு விட்டனர். 2005 ஆம் ஆண்டு பாகிஸ்தானிலும், 2010 ஆம் ஆண்டு ஹெயிட்டியிலும் பூமியதிர்ச்சி நேர்ந்த காலங்களில் அது பயன்பட்டது. சமூக நலனுக்கான 2006 ஆம் ஆண்டின் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. எமது துயரத்துக்காகச் செய்தது பிறர் துயரத்துக்கும் உதவியதற்குக் காரணம், செய்தவர்கள் செய்த முறையையும் சேர்த்து விட்டுச் சென்றமையே. ஒரு வைபை பழுதும் ஒரு தேசத்தின் பேரழிவும் ஒப்பிடத்தக்கன அல்ல. ஆனால் இரண்டிலும் இருக்கும் ஒழுக்கம் ஒன்றே.

அம்மாவுக்கு விடை

ஆகவே, மாணவி தம் தாயாருக்குக் கூறக்கூடியது இது: “கம்பனி இல்லாவிட்டாலும் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள், அம்மா. ஒழுங்காகக் கேட்டால் பெரும்பாலும் விடை கிடைக்கும். உடனே கிடைக்கும் என்று சொல்ல முடியாது.” இதற்கு மேல் நாம் வாக்குறுதி தர இயலாது. சில கேள்விகளுக்கு விடையே வராது. விண்டோஸுக்கென்று ஆக்கப்பட்ட மென்பொருள்களும் விளையாட்டுகளும் சில லினக்ஸில் இயங்கா. பாடசாலை வேலைக்கு எந்த மென்பொருள் கட்டாயம் வேண்டும் என்பதை முதலில் ஆசிரியரிடம் கேட்டறிதல் நன்று.

செய்யும் ஒழுங்கு இதுதான். முதலில் வீட்டுப் படங்களையும் பாடக் குறிப்புகளையும் வேறொரு தட்டில் பிரதி செய்துகொள்க. அதன்பின் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவை ஒரு பென்ட்றைவில் இட்டு, அதிலிருந்தே கணினியைத் தொடக்கிப் பார்க்கலாம். ‘இன்ஸ்டோல்’ என்பதை அழுத்தாதவரை உள்ளே இருப்பது மாறாது. வைபை, ஒலி, அச்சுப்பொறி ஆகியவை வருகின்றனவா என்று இரண்டொரு நாள் சோதித்துத் திருப்தியான பின்னரே நிலையாக இடவும். இட்டபின், மின்டில் உள்ள ‘டைம்ஷிஃப்ட்’ என்ற கருவியால் முறைமையின் நிலையைப் பதிந்து வைத்தால், பின்னர் ஏதும் குழம்பினாலும் பழைய நிலைக்கு மீளலாம். அது வீட்டுக் கோப்புகளுக்கான காவலன்று. அவற்றின் பிரதி தனியே இருக்க வேண்டும். திரைச் சொற்கள் பலவற்றைத் தமிழிலும் காணலாம். அவையும் யாரோ தொண்டர்கள் மொழிபெயர்த்து விட்டுச் சென்றவையே.

இம்முயற்சியிலே இடர் ஏதும் நேர்ந்தால் மாணவி எமக்கும் எழுதலாம். இடர் தீர்ந்தாலும் எழுதுமாறு வேண்டுகிறோம். அப்படி எழுதும்போது, ‘சரிவந்துவிட்டது’ என்பதோடு நிறுத்தாமல், எது சரிவந்தது என்பதையும் எழுதுவாராக. வெள்ளிக்கிழமைக்குள் விடை வேண்டிய இன்னொரு பிள்ளை அதனை வாசிக்கக்கூடும்.